பூவத்தாங்குடிக்காரர்கள் பலகை தூக்கிய கதை

பூவத்தாங்குடிக் கோயிலில் சாமி தூக்குகிறவர்கள் நாலு பேர். தூக்குவதைத் தவிர இவர்களுக்கு வேறொன்றும் தெரியாது என்று யாராவது சொன்னால் அவர்களுக்குக் கோபம் வராது. "ஆமாங்க, சின்ன வயசிலேர்ந்தே அப்படித்தான்" என்று பெருமையாகச் சிரிப்பார்கள். பல்லக்குத் தண்டு தோளில் ஏறிவிட்டால் அவர்களைப் போல நடக்க அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. சாமிக்கு முன்னால் பால் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பி வைத்தாலும் ஒரு சொட்டுத் தளும்பாது. தண்டை இறக்கிவிட்டால்தான் சிக்கல். வீட்டுக்குப் போங்கள் என்று சொன்னால், யார் வீட்டுக்கு என்று கேட்டுக்கொண்டு நிற்பார்கள்.

நால்வரில் மூத்தவர் தாண்டவராயன். யோசிப்பது தன் பொறுப்பு என்று அவர் தானாகவே எடுத்துக்கொண்டிருந்தார். அலங்காரம் அகலமானவன்; ஒரு வாசலில் அவன் நின்றால் கதவு சாத்தத் தேவையில்லை. மாசிலாமணிக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் வரும். பட்டுச்சாமி குள்ளம். அவன் தோளில் ஒரு சும்மாட்டுத் துணியை மடித்து வைத்துத்தான் மற்றவர்களோடு உயரத்தைச் சரிக்கட்டுவார்கள்.

அந்த வருஷம் கோயிலுக்குச் சக்கரம் வைத்த வண்டி வந்துவிட்டது. சாமி அதில் ஏறி, மோட்டார் சத்தத்தோடு நாலு வீதியும் சுற்றி, பொங்கல் ஆறுவதற்குள் திரும்பிவிட்டார். இனிமேல் நீங்கள் வரவேண்டாம் என்று கோயிலில் சொல்லிவிட்டார்கள்.

தாண்டவராயனுக்கு மனசு ஆறவே இல்லை. "இத்தனை வருஷம் என் தோள்ல உக்காந்து வந்தவரு, வண்டி ஏறும்போது ஒரு வார்த்தை சொல்லிட்டு ஏறலாம்ல?" என்று மனைவி செங்கமலத்திடம் புலம்பினார். தோள் சும்மா இருக்க முடியாமல் அரித்தது. ஒருநாள் வீட்டு ஆட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தார். அன்றைக்குத்தான் செங்கமலம், "ஒரு வாரத்துக்குள்ள ஏதாவது வேலை பாக்கலைன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன், ஆட்டுக்கல்லையும் எடுத்துட்டுப் போறேன்" என்று தீர்த்துச் சொன்னாள்.

இந்த நிலைமையில்தான் கடலோரத்திலிருந்து ஆள் வந்தது. அங்கே கழிமுகத்தில் ரோகிணி என்று ஒரு பெண், பலகை மேல் நின்றுகொண்டு துடுப்புப் போட்டுப் போகும் விளையாட்டைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பூவத்தாங்குடிப் பெரிய குளத்திலும் அதை ஆரம்பிக்க அவளுக்கு ஆசை. மறுநாள் காலையில் ஓர் அதிகாரி குளத்தைப் பார்க்க வருகிறார். அதற்குள் ஒரு பலகையைக் கீறல் விழாமல் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஆடாமல் தூக்குகிறவர்கள் என்று கேள்விப்பட்டு இவர்களைக் கூப்பிட்டிருந்தாள். நாலு பேரும் அப்போதே கிளம்பிக் கடலோரத்துக்குப் போனார்கள்.

"இது ஒழுங்காப் போய்ச் சேந்து, அதிகாரியும் சரின்னுட்டா, நிறைய பலகை வரும். எல்லாத்தையும் பாத்துக்கற வேலை உங்க நாலு பேருக்கும்தான். மாசச் சம்பளம்" என்றாள் ரோகிணி.

தாண்டவராயனுக்குக் கண் கலங்கிவிட்டது. பலகை நீளமாக, வெள்ளையாக, ஒரு பக்கம் நீலக்கோடு போட்டு, பார்க்கவே லட்சணமாக இருந்தது. இவ்வளவு நீளத்துக்கு நாலு பேர் தாராளமாக வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே, ரோகிணி பலகையின் நடுவில் இருந்த ஒரு குழிக்குள் விரல்களை விட்டு, அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு மணலில் நடந்து காட்டினாள்.

"பாத்தீங்களா? ஒரு ஆளே தூக்கலாம்."

நாலு பேர் முகமும் செத்துப்போயிற்று.

மாசிலாமணி தாண்டவராயனின் காதருகே வந்தான். "அண்ணே, ஒரு ஆளு தூக்குனா மிச்சம் மூணு பேரும் என்ன பண்றது?"

"ஒரு ஆளு தூக்கலாம்னுதான் சொல்றாங்க. தூக்கணும்னு சொல்லலையே."

"அப்ப அந்தக் குழி எதுக்குண்ணே?"

தாண்டவராயன் யோசித்தார். "அது பலகை மூச்சு விடறதுக்கு. அதுல விரலை விட்டு அடைச்சிடாதீங்க. பாவம்."

ரோகிணி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தாள். தரையில் போட்டு இழுக்கக்கூடாது. வெயிலில் போட்டு வைக்கக்கூடாது, மேல்பூச்சு கொப்பளித்துவிடும். வண்டியில் போகும்போது யாராவது ஒருத்தர் கை அதன் மேலேயே இருக்க வேண்டும். வீட்டுக்குள் மெத்தென்று ஏதாவது போட்டு அதன் மேல் வைக்க வேண்டும். ஈரம் ஆகவே ஆகாது, நன்றாகக் காய்ந்த பிறகுதான் உறையில் போட வேண்டும். கடைசியாகப் பலகையின் வாலில் தொங்கிய ஒரு கயிற்றைக் காட்டினாள். "இது மேல ஏறுறவங்க யாரா இருந்தாலும் இதைக் கால்ல கட்டிக்கணும். இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம்."

நாலு பேரும் சுவாமி உத்தரவு கேட்பதைப் போல வாய் பொத்திக் கேட்டார்கள். ரோகிணிக்கு ரொம்ப திருப்தி.

பலகையை ஏற்ற ஒரு குட்டி லாரியை அவள் அமர்த்தியிருந்தாள். பலகை ஏறியது. கயிறு போட்டுக் கட்டினார்கள். துடுப்பும் உறையும் பக்கத்தில் ஏறின. டிரைவர் வண்டியைக் கிளப்பிக் கொஞ்ச தூரம் போய்க் கண்ணாடியில் பார்த்தால், பின்னால் நாலு பேரும் ஆளுக்கொரு கையைப் பலகையின் மேல் வைத்தபடி லாரியோடு ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

"யோவ், ஏறி உக்காருங்கய்யா!" என்று கத்தினார் டிரைவர்.

"ஏறுனா நாங்க சவாரி போற ஆளாயிடுவோம். தூக்குற ஆள்னு யாரு சொல்லுவா?" என்றார் தாண்டவராயன், மூச்சு வாங்க. "நீங்க மெதுவாப் போங்க. நாங்க நடக்கறோம்."

டிரைவர் மெதுவாகப் போனார். பின்னால் பேருந்துகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. ஒரு மாட்டுவண்டி அவர்களை முந்திக்கொண்டு போனது. அந்த மாடு திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அதற்கு மேல் டிரைவருக்குப் பொறுக்கவில்லை. வாய்க்கால் மதகருகே வண்டியை நிறுத்தி, பலகையை அவிழ்த்து அவர்கள் தோளிலேயே வைத்துவிட்டு, ஒரு கும்பிடு போட்டுப் போய்விட்டார்.

தாண்டவராயனுக்கு இப்போதுதான் நிம்மதி. தோள் அரிப்பு நின்றது.

"அண்ணே," என்றான் மாசிலாமணி, "வண்டியில போனா ஒரு கை வச்சிருக்கணும்னாங்க. வண்டியே இல்லைன்னா?"

"வண்டியிலயே ஒரு கை வேணும்னா, வண்டி இல்லாதப்ப ரெண்டு கையும் வேணும்" என்றார் தாண்டவராயன். நாலு பேரும் இரண்டு கைகளாலும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார்கள். துடுப்பையும் உறையையும் பலகை மேலேயே வைத்துக்கொண்டு நடந்தார்கள்.

உச்சி வெயில் ஏறியது. தலைக்கு மேல் பலகை இருந்ததால் அவர்களுக்கு நல்ல குளுமை. அப்போது மாசிலாமணிக்குத் திடுக்கென்றது.

"அண்ணே! நாம நிழல்ல போறோம். பலகை வெயில்ல போகுது!"

எல்லாரும் நின்றுவிட்டார்கள்.  பலகை கொப்பளித்துவிட்டால் வேலை போச்சு, செங்கமலமும் போச்சு. நடுரோட்டிலேயே ஆலோசனை நடந்தது.

"திருப்பிப் போட்டுடலாமா?" என்றான் பட்டுச்சாமி.

"திருப்புனா அந்தப் பக்கம் காயுமேடா."

"அந்தப் பக்கம் காயறதுக்குள்ள இந்தப் பக்கம் ஆறிடும்ல? தோசை மாதிரி."

கொஞ்ச தூரம் தோசையைப் போலத் திருப்பித் திருப்பிக் கொண்டுபோனார்கள். ஆனால் பலகையின் அடியில் மீனின் முதுகுச் செட்டையைப் போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பலகையைத் திருப்பும்போதெல்லாம் அது யார் தலையிலாவது மட்டென்று இடித்தது. மூன்றாவது தடவை அலங்காரத்தின் மண்டையில் இடித்தபோது தாண்டவராயனுக்கு யோசனை பிறந்தது.

"டேய் அலங்காரம், நீ அகலமா இருக்கே. நீ பலகை மேல படுத்துக்க. உன் நிழல் பலகைக்கு ஆகும்."

"நான் வெயில்ல காய மாட்டேனா?"

"உன்னைக் காயக்கூடாதுன்னு அந்த அம்மா சொல்லலையே."

நியாயமான பேச்சு. அலங்காரம் ஏறிப் படுத்தான். ஏறுகிறவர்கள் காலில் கயிறு கட்ட வேண்டுமே! எந்தக் காலில் என்று ரோகிணி சொல்லவில்லை. எதற்கு வம்பு என்று இரண்டு காலையும் சேர்த்தே கட்டினார்கள். துடுப்பை அவன் நெஞ்சின் மேல் வைத்தார்கள். வெள்ளை உறை கீழே சரியாமல் இருக்க அதை அவன் மேல் கழுத்துவரை போர்த்தினார்கள். வெயிலுக்குக் கண் கூசியதால் அலங்காரம் கண்ணை மூடிக்கொண்டான். மற்ற மூவரும் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்குள் நுழைந்தார்கள்.

சாமி புறப்பாட்டில் வீட்டுக்கு வீடு நிறுத்துவது வழக்கம். கால்கள் அந்த வழக்கத்தை மறக்கவில்லை. தெருமுனை முதல் வீட்டு வாசலில் நின்று, பலகையை வாசலைப் பார்த்துத் திருப்பினார்கள். வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அடப் பாவிகளா! எம் பொண்ணுக்கு வளைகாப்பு வச்சிருக்கேன், எம் வாசல்ல கொண்டாந்தா நிறுத்துறீங்க?" என்று விளக்குமாற்றை ஓங்கினாள்.

சாமி தூக்கிப் போகும்போது விளக்குமாறு ஓங்கி வரவேற்பதை அவர்கள் பார்த்ததில்லை. அந்த ஊர் வழக்கம் போலும் என்று தாண்டவராயன் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டு, அடுத்த வாசலுக்கு நகர்ந்தார். சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. டீக்கடைக்காரர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

"யாருங்க இது?"

"எங்க அலங்காரங்க" என்றார் தாண்டவராயன்.

"எப்ப ஆச்சு?"

"இப்பத்தாங்க. மதகு தாண்டி வந்தப்புறம்."

"அடடா. நல்லா இருந்த மனுஷனா?"

"காலையில கூட இருபது இட்லி தின்னான்."

கூட்டம் உச்சுக் கொட்டியது. "என்னங்க, நெஞ்சு வலியா?"

"இல்லீங்க, வெயிலு. வேற வழி தெரியலை. நாங்க மூணு பேரும் பேசி முடிவு பண்ணிட்டோம்."

கூட்டத்துக்கு இது கொஞ்சம் புரியவில்லை என்றாலும், துக்கத்தில் இருக்கிறவர்கள் வாயில் வார்த்தை இப்படித்தான் வரும் என்று விட்டுவிட்டார்கள். யாரோ ஒரு சாமந்தி மாலையைக் கொண்டுவந்து போட்டார்கள். ஒரு பெரியவர் கடையைச் சாத்தச் சொன்னார். "போய்ட்டியே ராசா" என்று முகம் தெரியாத ஒருத்தி அழவே ஆரம்பித்துவிட்டாள். தூக்கத்தில் இருந்த அலங்காரத்தின் மூக்கில் சாமந்தி ஏறி அவனுக்குத் தும்மல் வந்தது. தும்மியவன் துடுப்பை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, எதிரே நின்ற டீக்கடைக்காரரைப் பார்த்தான்.

"ஒரு டீ போடுங்கண்ணே. சக்கரை கூடவே."

மறு நிமிஷம் அந்தத் தெருவில் ஒரு கோழிகூட இல்லை. அழுதுகொண்டிருந்தவள்தான் எல்லாரையும் விட வேகமாக ஓடினாள்.

"என்னண்ணே, டீ கேட்டதுக்கா இப்படி ஓடறாங்க?" என்றான் அலங்காரம்.

"கஞ்சப் பயலுங்க ஊரு போலிருக்கு" என்றார் தாண்டவராயன். கடையில் ஆள் இல்லாததால், பலகையிலிருந்து கையை எடுக்காமல், அலங்காரத்தை மேலே இருந்தபடியே அடுப்பங்கரைப் பக்கம் கொண்டுபோய், அவனையே டீ போடச் சொல்லி, அவன் கையாலேயே வாயில் ஊற்றிக்கொண்டு கிளம்பினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் பூவத்தாங்குடி வந்து சேர்ந்தார்கள். தாண்டவராயன் வீட்டில்தான் பலகையை வைப்பதாக ஏற்பாடு. முன்வாசல் வழியாக நுழைத்தார்கள். பலகையின் மூக்கு கொல்லைவாசல் வழியாக வெளியே எட்டிப் பார்த்தது. நடுவில் செங்கமலம் சோற்றுப் பானையோடு ஒரு பக்கம் மாட்டிக்கொண்டாள்.

"மெத்துன்னு ஏதாவது போடணுமாம்" என்றார் தாண்டவராயன். வீட்டில் இருந்த தலையணை, பாய், அவளுடைய இரண்டு பட்டுப்புடவை எல்லாம் பலகைக்கு அடியில் போயின.

"நான் எங்கே படுக்கறது?" என்றாள் செங்கமலம்.

"உன்னைப் பத்தி அந்த அம்மா ஒண்ணும் சொல்லலை."

செங்கமலம் அவரைப் பார்த்த பார்வையில் சோறு இன்னொரு தடவை கொதித்திருக்கும்.

பலகையைத் தடவிப் பார்த்தபோது ஈரமாக இருந்தது. அலங்காரத்தின் வியர்வை. ஈரத்தோடு உறையில் போடக்கூடாது. வெயிலிலும் காயவைக்கக்கூடாது, நல்லவேளையாக வெயிலும் இல்லை. ஆளுக்கொரு விசிறி எடுத்து விசிறினார்கள். விசிறினதில் அவர்களுக்கே வியர்த்து, அது பலகையில் சொட்டியது. சொட்டினதைக் காயவைக்க இன்னும் வேகமாக விசிறினார்கள். இது எவ்வளவு நேரம் நடந்திருக்குமோ, செங்கமலம் வந்து ஒரு பழந்துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்டுப் போனாள். நாலு பேரும் அவளை மரியாதையோடு பார்த்தார்கள்.

உறையில் போடும்போது மாசிலாமணி மறுபடியும் நிறுத்தினான். "அண்ணே, உறைக்குள்ள போட்டு மூடிட்டா அது மேல கை எப்படி வச்சிருக்கறது?"

இதற்குத் தாண்டவராயன் அதிகம் யோசிக்கவில்லை. குள்ளமான பட்டுச்சாமியையும் பலகையோடு உறைக்குள் படுக்கவைத்து, கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டார். "வசதியா இருக்காடா?"

"மெத்துன்னு இருக்குண்ணே" என்றான் பட்டுச்சாமி.

காலையில் குளக்கரைக்கு ரோகிணியின் கார் வந்தது. பலகை பளிச்சென்று இருந்தது. ரோகிணி குனிந்து, தடவி, திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. "ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்க" என்றாள். தாண்டவராயன் சந்தோஷத்தில் தோளைத் தடவிக்கொண்டார்.

கூட வந்த அதிகாரி கனமான மனிதர். குளத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், மறுபடியும் குளத்தைப் பார்த்தார். ரோகிணிக்கு ஏதோ போன் வந்தது. "சார் மேல ஏறட்டும். அப்படியே அக்கரை வரைக்கும் பத்திரமாப் போயிட்டு வரட்டும். நான் இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, புளியமரத்துப் பக்கம் நகர்ந்தாள்.

அதிகாரி தாண்டவராயனைத் தனியாக இழுத்தார். "ஐயா, எனக்கு நீச்சல் தெரியாது. அந்தப் பொண்ணுகிட்ட சொல்ல வெக்கமா இருக்கு. ஆடாம இருக்குமா?"

"எங்ககிட்ட பால் கிண்ணமே ஆடாதுங்க" என்றார் தாண்டவராயன்.

தண்ணீரோரம் வந்ததும் நாலு பேரும் நின்றுவிட்டார்கள்.

"அண்ணே," என்றான் மாசிலாமணி தாழ்ந்த குரலில், "தண்ணியில வச்சா பலகை நனையுமே."

"நனைஞ்சா ஈரமாயிடும்" என்றான் அலங்காரம்.

"ஈரம் ஆகவே ஆகாதுன்னாங்க" என்றான் பட்டுச்சாமி. "ஒருவேளை சோதிச்சுப் பாக்கறாங்களோ?"

தாண்டவராயன் மனசுக்குள் கணக்குப் போட்டார். அதிகாரி அக்கரை போயாக வேண்டும். பலகையும் நனையக்கூடாது. இரண்டில் எது தவறினாலும் நாலு குடும்பத்துக்கும் வேலை இல்லை. குளத்தைப் பார்த்தார். கோடையில் வற்றி நடுவில்தான் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் கிடந்தது. அவர் முகம் மெல்லத் தெளிந்தது.

"இதுல என்னப்பா கஷ்டம்? நாம எதுக்கு இருக்கோம்?"

அதிகாரியை ஏற்றி நிறுத்தி, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டி, கையில் துடுப்பைக் கொடுத்தார்கள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "போகலாம்" என்றார். நாலு பேரும் பலகையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "தாங்கு, தாங்கு" என்று குளத்துக்குள் இறங்கினார்கள்.

இடுப்பளவு தண்ணீர் வந்தது. நெஞ்சளவு வந்தது. தோளுக்கு வந்ததும் பலகையைத் தலைக்கு ஏற்றினார்கள். தலைக்கு வந்ததும் கையை நீட்டி மேலே தூக்கினார்கள். முதலில் பட்டுச்சாமி மறைந்தான். பிறகு மற்ற மூன்று தலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக முழுகின. குளத்து நடுவில் எட்டுக் கைகள் மட்டும் தண்ணீருக்கு மேல் தெரிந்தன. அவற்றின் மேல் பலகை. அதன் மேல் அதிகாரி, கண்ணை மூடிக்கொண்டு, காற்றில் துடுப்புப் போட்டுக்கொண்டே போனார்.

போன் பேசி முடித்துத் திரும்பிய ரோகிணி கையிலிருந்த போனைக் கீழே போட்டாள். "ஐயோ, இறக்குங்க! இறக்குங்கய்யா!" என்று கத்தினாள். தண்ணீருக்குள் இருக்கிறவர்களுக்கு எப்படிக் கேட்கும்?

அவள் மூச்சிரைக்கக் கரையைச் சுற்றி ஓடி அக்கரைக்கு வந்தபோது, அதிகாரி உலர்ந்த காலோடு இறங்கி நின்றார். கண்களில் நீர் மல்கியது.

"நான் எத்தனையோ ஊர்ல தண்ணியில போயிருக்கேன்மா. ஒரு சொட்டு மேல தெறிக்கலை, ஒரு இம்மி ஆடலை. இந்தக் குளத்துக்கு எத்தனை பலகை வேணும்னாலும் போடு. ஆனா ஒண்ணு, இந்த நாலு பேரும் இல்லாம ஒண்ணுகூட விடக்கூடாது" என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

நாலு பேரும் சேறும் பாசியுமாக, காதில் தண்ணீர் வழிய, பலகையைத் தோளில் வைத்தபடி நின்றார்கள். வேலை நிலைத்துவிட்டது என்று புரிந்ததும் தாண்டவராயன் அழுதேவிட்டார். முகம் முழுக்கக் குளத்துத் தண்ணீராக இருந்ததால் அது யாருக்கும் தெரியவில்லை. ரோகிணி தலையில் கைவைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயா," என்றாள், "அது தானா மிதக்கும்யா!"

தாண்டவராயன் அவளைப் பரிவோடு பார்த்தார். சின்னப்பெண், கடலோரத்தில் வளர்ந்தவள், இதெல்லாம் எங்கே தெரிந்திருக்கப்போகிறது?

"அது தெரிஞ்சுதானேம்மா நாலு பேரும் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு வந்தோம். கொஞ்சம் கையை விட்டிருந்தா, அது பாட்டுக்கு மிதந்துல்ல போயிருக்கும்!"